அமெரிக்காவின் லத்தீனோக்கள் யார்? ஓர் எளிய அறிமுகம்

அமெரிக்காவில் தேர்தல் வந்துவிட்டால் நம் செய்திச் சேனல்களிலும் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "லத்தீனோ ஓட்டு யாருக்கு?" கேட்கிறவர் மனத்தில் உடனே ஒரு படம் ஓடும். எல்லை வேலி, மெக்சிகோ, மாநிறத் தோல், ஸ்பானிஷ் பேச்சு. லத்தீனோ என்றால் ஓர் இனம், எல்லாரும் அண்மையில் வந்தவர்கள், வீட்டில் ஸ்பானிஷ்தான் பேசுவார்கள் என்று நாமே முடிவுகட்டிக்கொள்கிறோம். அமெரிக்காவிலேயே பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள் என்பதால் நம்மை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

மூன்றுமே பிசகு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 6.2 கோடிப் பேர் தங்களை இந்தப் பிரிவில் பதிந்தார்கள். நாட்டின் மக்கள்தொகையில் இது 18.7 சதவீதம். இவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். ஐந்தில் நான்கு பேர் அமெரிக்கக் குடிமக்கள். தோல் நிறத்தில் எல்லா வகையும் உண்டு. ஸ்பானிஷில் நாலு வாக்கியம் தொடர்ந்து பேச வராதவர்களும் லட்சக்கணக்கில் உண்டு.

அப்படியானால் இவர்களை ஒன்று சேர்ப்பது எது? மொழிக்கு அதில் பங்கு உண்டு, ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. பெரும்பங்கு ஓர் அரசுப் படிவத்துக்கும் அதைச் சுற்றி வேலை செய்த சில அமைப்புகளுக்கும் உரியது.

## டெல்லியில் 'மதராஸி' ஆவது போல

டெல்லிக்குப் போன நம்மூர்க்காரர்களுக்கு இந்த அனுபவம் தெரிந்திருக்கும். நாகர்கோவிலிலிருந்து போனாலும், பாலக்காட்டிலிருந்து போனாலும், ஹூப்ளியிலிருந்தோ குண்டூரிலிருந்தோ போனாலும் அங்கே ஒரே பெயர்: மதராஸி. சொந்த ஊரில் இவர்களில் யாரும் தங்களை அப்படி நினைத்ததே இல்லை. ரயில் டெல்லியை அடைந்த பிறகுதான் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்கிறது. முதலில் எரிச்சலாக இருக்கும். அப்புறம் வாடகை வீடு தேடும்போதும், கோயில் கட்டும்போதும், பள்ளிக்கூடம் நடத்தும்போதும் மலையாளியும் தெலுங்கரும் தமிழரும் சேர்ந்து நிற்பதில் லாபம் இருப்பது புரிகிறது. 'தென்னிந்தியர்' என்ற பெயரில் சங்கம் உருவாகிறது.

இதோடு இன்னொன்றைச் சேர்த்துப் பாருங்கள். அந்தப் பெயரை அரசாங்கமே படிவத்தில் ஒரு கட்டமாக அச்சடித்து, எத்தனை பேர் அதில் டிக் அடித்தார்கள் என்று எண்ணி, அந்த எண்ணை வைத்துப் பள்ளி நிதியையும் தொகுதி எல்லையையும் தீர்மானிக்கிறது என்று வையுங்கள். டிக் அடிக்க நிறையப் பேருக்குக் காரணம் கிடைத்துவிடும் அல்லவா? சில பத்தாண்டுகளில் அது வெறும் பெயராக இருக்காது, மெய்யான ஓர் அடையாளமாகவே மாறிவிடும்.

லத்தீனோ என்ற அடையாளம் உருவான விதம் ஏறத்தாழ இதுதான். ஒருவர் எல் சால்வடோரில் இருக்கும்வரை சால்வடோர்க்காரர். லாஸ் ஏஞ்சலிஸ் வந்து சேர்ந்த பிறகுதான் அவர் லத்தீனோ.

## இரண்டு பெயர்கள், ஒரு கட்டம்

ஹிஸ்பானிக் என்பது ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் வேர் உள்ளவரைக் குறிக்கிறது. லத்தீனோ என்பது லத்தீன் அமெரிக்காவில், அதாவது மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினா வரையிலும் கரீபியத் தீவுகளிலும் வேர் உள்ளவரைக் குறிக்கிறது. பெண்ணாக இருந்தால் லத்தீனா. ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்தவர் ஹிஸ்பானிக், ஆனால் வழக்கில் லத்தீனோ இல்லை. பிரேசில்காரர் பேசுவது போர்த்துகீசியம் என்பதால் அவர் லத்தீனோ, ஆனால் ஹிஸ்பானிக் இல்லை. அமெரிக்க அரசு இந்த நுணுக்கத்துக்குள் எல்லாம் போவதில்லை. 'ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ' என்று இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டு, பிரேசிலை வெளியே விட்டுவிட்டது. இந்தக் கட்டுரையில் லத்தீனோ என்றே எழுதுகிறேன். பல்கலைக்கழகங்களில் புழங்கும் 'லத்தீனெக்ஸ்' என்ற புதிய வடிவத்தை வைத்து இணையத்தில் பெரிய சண்டையே நடக்கிறது. 2024இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது லத்தீனோக்களில் 4 சதவீதம் பேர்தான் தங்களுக்கு அதைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். சண்டையின் அளவுக்கும் புழக்கத்தின் அளவுக்கும் சம்பந்தமே இல்லை.

அமெரிக்க அரசின் கணக்கில் இனம் வேறு, இனக்குழு வேறு. இனம் என்றால் வெள்ளையர், கறுப்பர், ஆசியர் போன்ற பிரிவுகள். இனக்குழு என்றால் பூர்விகமும் பண்பாடும் சார்ந்த பிரிவு. லத்தீனோ இந்த இரண்டாவது வகையில் வருகிறது. ஆகவே ஆப்பிரிக்க வேர் கொண்ட கியூபரும், ஜெர்மானிய வம்சத்து அர்ஜென்டினரும், ஜப்பானிய வம்சத்துப் பெருவியரும், குவாத்தமாலாவின் மாயா பழங்குடியினரும் லத்தீனோவாக இருக்கலாம்.

படிவத்தில் முதலில் "நீங்கள் லத்தீனோவா?" என்று ஒரு கேள்வி வரும். அடுத்து "உங்கள் இனம் எது?" என்று இன்னொன்று. இந்த இரண்டாவது கேள்வியில் ஆட்கள் திண்டாடுகிறார்கள். 2020இல் லத்தீனோக்களில் சுமார் 42 சதவீதம் பேர் 'வேறு இனம்' என்பதை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். மூன்றில் ஒரு பங்கினர் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறித்தார்கள். வெள்ளையர் என்று மட்டும் குறித்தவர்கள் சுமார் 20 சதவீதம். தங்களுக்குப் பொருந்துகிற பதில் அந்தப் பட்டியலில் இல்லை என்று லட்சக்கணக்கானோர் அரசுக்கே எழுதிக்கொடுத்ததாகத்தான் இதைப் படிக்க வேண்டும்.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியது: லத்தீனோ என்பது பூர்விகத்தைச் சொல்லும் குடைப்பெயர். அதன் கீழ் எந்த இனத்தவரும் இருக்கலாம். அந்தப் பெயருக்குப் பொருள் இருப்பது அமெரிக்காவுக்குள்தான்.

## வந்தவர்கள், ஏற்கெனவே இருந்தவர்கள்

ஆங்கிலேயர்கள் வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுனை நிறுவியது 1607இல். அதற்கு 42 ஆண்டுகளுக்கு முன்பே, 1565இல், ஸ்பானியர்கள் ஃபுளோரிடாவில் செயின்ட் அகஸ்டின் நகரை நிறுவிவிட்டார்கள். நியூ மெக்சிகோவின் சாந்தா ஃபே 1610இல் உருவானது. கலிபோர்னியா, டெக்சஸ், அரிசோனா எல்லாம் பின்னாளில் மெக்சிகோவின் நிலம்.

1846இல் தொடங்கிய போரில் மெக்சிகோ தோற்றது. 1848இல் குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கை கையெழுத்தானது. 1.5 கோடி டாலருக்கு, இன்றைய கலிபோர்னியா, நெவாடா, யூட்டா ஆகியவற்றையும் அரிசோனா, நியூ மெக்சிகோ ஆகியவற்றின் பெரும்பகுதியையும் மெக்சிகோ விட்டுக்கொடுத்தது. அதற்கு முன்பே பறிபோன டெக்சஸையும் சேர்த்தால் தன் நிலத்தில் பாதிக்கு மேல் போயிற்று. அங்கே குடியிருந்தவர்கள் ஓரடிகூட நகரவில்லை. காலையில் மெக்சிகோவில் எழுந்து அமெரிக்காவில் தூங்கப் போனார்கள் என்று சொல்லலாம். "நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டியது" என்று மெக்சிக்க அமெரிக்கர்கள் இன்றும் சொல்வது இதைத்தான். உடன்படிக்கை இவர்களுக்குக் குடியுரிமையும் சொத்துப் பாதுகாப்பும் தருவதாகச் சொன்னது. குடியுரிமை கிடைத்தது. நிலம் பலருக்கு வழக்கு, வரி, வக்கீல் கட்டணம் என்று கைவிட்டுப் போனது.

புவேர்ட்டோ ரிக்கோவின் கதை வேறு. 1898 போரில் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா அந்தத் தீவைப் பிடித்தது. 1917இல் தீவினருக்கு அமெரிக்கக் குடியுரிமை வந்தது. சான் ஹுவானிலிருந்து நியூயார்க் போகும் விமானம் உள்நாட்டு விமானம், பாஸ்போர்ட் தேவையில்லை. ஆனால் தீவில் வசிக்கும்வரை அதிபர் தேர்தலில் ஓட்டு கிடையாது. அதே ஆள் ஃபுளோரிடாவில் வீடு பிடித்துக் குடியேறினால் ஓட்டு உண்டு. குடிமக்களை வைத்து இப்படியொரு ஏற்பாட்டை நூறாண்டுக்கு மேல் நடத்துகிற நாடு மற்ற நாடுகளுக்கு மக்களாட்சிப் பாடம் எடுப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

கியூபர்கள் 1959 புரட்சிக்குப் பின் மயாமியில் வந்து குவிந்தார்கள். முதலில் வந்தவர்களில் பலர் வசதியும் படிப்பும் உள்ளவர்கள். பனிப்போர்க் காலம் என்பதால் கம்யூனிசத்திலிருந்து தப்பி வந்தவர்களை அமெரிக்கா கைநீட்டி வரவேற்றது. 1966இல் இவர்களுக்கென்றே தனிச் சட்டம் போட்டு கிரீன் கார்டுக்கு எளிய வழி செய்தது. எல் சால்வடோரிலிருந்து வந்தவர்களும் போருக்குத் தப்பி வந்தவர்களே. 1980 முதல் 1992 வரை நடந்த அந்த உள்நாட்டுப் போரில் அமெரிக்கா அரசுப் படைக்கு உதவிக்கொண்டிருந்தது. அதனால் அங்கிருந்து ஓடிவந்தவர்களுக்கு அகதி நிலை கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. மெக்சிகோக்காரர்களில் பெருந்தொகையினரைக் கூப்பிட்டதே அமெரிக்காதான். 1942 முதல் 1964 வரை 'பிராசெரோ' என்ற ஒப்பந்தத் திட்டத்தில் பண்ணை வேலைக்கும் ரயில் பாதை வேலைக்கும் ஆட்களை வரவழைத்தது. ஒப்பந்தங்களின் எண்ணிக்கை 40 லட்சத்தைத் தாண்டும்.

இன்று லத்தீனோக்களில் ஏறத்தாழ 60 சதவீதம் மெக்சிக்க வம்சத்தினர். அடுத்து புவேர்ட்டோ ரிக்கர்கள். கியூபர், சால்வடோரியர், டொமினிகர் அதற்கடுத்த நிலையில் இருக்கிறார்கள். ஒருவர் போரில் பறிக்கப்பட்ட நிலத்தின் வாரிசு, இன்னொருவர் பிறவிக் குடிமகன், மூன்றாமவர் வரவேற்கப்பட்ட அகதி, நான்காமவர் விரட்டப்பட்ட அகதி. இவர்களுக்கு ஒரே அரசியல் இருக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் வினோதம்.

## வெள்ளையராக இருந்தால் லாபமா, நஷ்டமா?

அந்தக் கட்டம் எப்படிப் பிறந்தது என்பதை இனிப் பார்க்கலாம். இந்தக் கதையில் சுவையான பகுதி இதுதான்.

1930 கணக்கெடுப்பில் 'மெக்சிகன்' என்பதை ஓர் இனமாகவே சேர்த்தார்கள். மெக்சிகோ அரசும் மெக்சிக்க அமெரிக்கத் தலைவர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். சட்டப்படி இனவேறுபாடு நடந்த காலம் அது. வெள்ளையர் பட்டியலிலிருந்து வெளியேறினால் என்ன நடக்கும் என்று கறுப்பின மக்களின் நிலையைப் பார்த்தே அவர்களுக்குத் தெரியும். 1940இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டு, மெக்சிகர்கள் மறுபடி வெள்ளையரோடு எண்ணப்பட்டார்கள்.

காகிதத்தில் வெள்ளையர், தெருவில் இல்லை. இந்த இரட்டை நிலை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை ஒரு வழக்கு காட்டுகிறது. டெக்சஸின் ஜாக்சன் மாவட்டத்தில் பீட் எர்னாண்டஸ் என்ற தொழிலாளி கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பானது. தீர்ப்புச் சொன்ன ஜூரியில் மெக்சிகர் ஒருவர்கூட இல்லை; அந்த மாவட்டத்தில் 25 ஆண்டுகளாகவே இல்லை. அரசுத் தரப்பு சொன்ன பதில்: "மெக்சிகர்களும் வெள்ளையர்தானே? ஜூரியில் இருந்தவர்களும் வெள்ளையர். இதில் பாகுபாடு எங்கே வந்தது?" அதே நீதிமன்றக் கட்டடத்தில் ஆண்களுக்கு இரண்டு கழிப்பறைகள். ஒன்றில் பெயர்ப்பலகை இல்லை. இன்னொன்றில் கறுப்பர்களுக்கு என்று ஆங்கிலத்திலும், 'ஆண்கள் இங்கே' என்று ஸ்பானிஷிலும் எழுதியிருந்தது. கஸ் கார்சியா, கார்லோஸ் கடேனா உள்ளிட்ட மெக்சிக்க அமெரிக்க வழக்கறிஞர்கள் உச்ச நீதிமன்றம்வரை போய் வாதாடினார்கள். 1954 மே 3ஆம் தேதி நீதிமன்றம் ஒருமனதாக அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிப் பிரிவினையைச் செல்லாதென்ற புகழ்பெற்ற பிரௌன் தீர்ப்பு வந்தது அதற்கு இரண்டு வாரம் கழித்து.

பாகுபாட்டைத் தடுக்க வந்த 1964, 1965ஆம் ஆண்டுகளின் குடிமை உரிமைச் சட்டங்களுக்குப் பின் நிலைமை தலைகீழானது. வேலையிலும் ஓட்டிலும் பாகுபாடு நடப்பதாக வழக்குப் போட வேண்டுமானால் எண்ணிக்கை வேண்டும். வெள்ளையர் கணக்கில் கரைந்துபோன கூட்டத்துக்கு எண்ணிக்கை ஏது? முன்பு கவசமாக இருந்த 'வெள்ளையர்' என்ற பெயர் இப்போது கழுத்துச் சுருக்கு ஆகிவிட்டது.

## மூன்று கைகள் சேர்ந்து கட்டிய குடை

1970 கணக்கெடுப்பில் கடைசி நேரத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்தார்கள். அதையும் 5 சதவீத வீடுகளுக்குப் போன நீளமான படிவத்தில் மட்டும். விடைகளில் ஒன்று 'மத்திய அல்லது தென் அமெரிக்கர்' என்று இருந்தது. அமெரிக்காவின் மத்தியிலும் தெற்கிலும் வாழ்ந்த சாதாரண ஆங்கிலேய வம்சத்தினர் பலர், "நம்மைத்தான் கேட்கிறார்கள்" என்று அதில் டிக் அடித்துவிட்டார்கள்! எண்ணிக்கை நம்ப முடியாததாகிவிட்டது.

மெக்சிகர்களும் புவேர்ட்டோ ரிக்கர்களும் நடத்திய அமைப்புகள் விடவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் நாடாளுமன்ற உறுப்பினர் எட்வர்ட் ராய்பல் முன்னின்று, ஸ்பானிஷ் பூர்விகத்தினர் பற்றிய தரவுகளை அரசு சேகரிக்க வேண்டும் என்று 1976இல் சட்டம் கொண்டுவந்தார். 1980இல் எல்லா வீடுகளுக்கும் போன படிவத்திலும் கேள்வி இடம்பிடித்தது. 1.46 கோடிப் பேர் 'ஆம்' என்றார்கள்.

இதில் மூன்று தரப்புக்கும் லாபம் இருந்தது. அரசுக்கு, மெக்சிகர், கியூபர், புவேர்ட்டோ ரிக்கர் என்று தனித்தனியாகப் பேச வேண்டிய தொல்லை குறைந்தது. அமைப்புகளுக்கு, தென்மேற்கு மாநிலங்களின் பிரச்சினை என்று ஒதுக்கப்பட்டதை நாடு தழுவிய பிரச்சினையாக வாஷிங்டனில் வைக்க முடிந்தது. மூன்றாவது தரப்பை ஆட்கள் மறந்துவிடுகிறார்கள்: தொலைக்காட்சி. டெக்சஸின் சான் அன்டோனியோவில் 1955இல் ஸ்பானிஷ் தொலைக்காட்சி நிலையம் ஒன்று தொடங்கியது. பின்னாளில் யூனிவிஷன் ஆன பெரிய நிறுவனத்தின் முதல் கண்ணி அது. சோப்பும் பீரும் விற்கும் கம்பெனிகளிடம் போய் "டெக்சஸில் சில லட்சம் மெக்சிகர்கள் பார்க்கிறார்கள்" என்று சொல்வதைவிட, "நாடு முழுக்க ஒன்றரைக் கோடி ஹிஸ்பானிக் வாடிக்கையாளர்கள்" என்று சொன்னால் விளம்பரக் கட்டணம் ஏறும். அதனால் 1980 கணக்கெடுப்புக்கு அந்தத் தொலைக்காட்சியே பிரசாரம் செய்தது. நிகழ்ச்சிகளும் மாறின. எந்த நாட்டு வாடையும் தூக்கலாக இல்லாத ஒரு பொது ஸ்பானிஷ் உருவானது. சிலி நாட்டுத் தொகுப்பாளர் ஒருவர் மயாமியில் இருந்தபடி மெக்சிகர்களுக்கும் டொமினிகர்களுக்கும் சேர்த்து நிகழ்ச்சி நடத்துவது சாதாரணமானது.

சுருக்கிச் சொன்னால் இது ஒரு சுழற்சி. படிவம் எண்ணிக்கையைத் தருகிறது. எண்ணிக்கை நிதியையும் தொகுதியையும் விளம்பரத்தையும் கொண்டுவருகிறது. அவை அந்தப் பெயரைப் பழக்கத்துக்குக் கொண்டுவருகின்றன. அடுத்த கணக்கெடுப்பில் இன்னும் அதிகம் பேர் டிக் அடிக்கிறார்கள்.

இது லத்தீனோக்களுக்கு மட்டும் நடந்த விஷயம் இல்லை. 1970 கணக்கெடுப்பில் இந்திய வம்சத்தினரை வெள்ளையரோடு சேர்த்துத்தான் எண்ணினார்கள். இந்தியர் சங்கங்கள் போராடிய பிறகு 1980இல் 'ஏசியன் இந்தியன்' என்ற தனிக் கட்டம் வந்தது. நியூஜெர்சியில் குடியிருக்கும் மதுரைக்காரர் பத்தாண்டுக்கு ஒருமுறை டிக் அடிப்பது அதில்தான்.

## இறுதிச் சடங்குச் சீட்டிலிருந்து உச்ச நீதிமன்றம்வரை

அமைப்புகள் என்றவுடன் ஊர்வலமும் முழக்கமும் நினைவுக்கு வரும். தொடக்கம் அவ்வளவு வீரமானது இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'மூத்துவலிஸ்தா' எனப்படும் பரஸ்பர உதவிச் சங்கங்கள் இருந்தன. மாதாமாதம் சில்லறை கட்டினால், நோய் வந்தால் உதவி, செத்தால் அடக்கச் செலவு. வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் சேர்க்காத மக்கள் தங்களுக்குத் தாங்களே காப்பீடு செய்துகொண்டார்கள். 1894இல் அரிசோனாவின் டூசானில் தொடங்கிய அலியான்சா இஸ்பானோ அமெரிக்கானா இவற்றில் பெரியது.

1929இல் டெக்சஸின் கார்ப்பஸ் கிறிஸ்டியில் லூலாக் உருவானது. 'ஐக்கிய லத்தீன் அமெரிக்கக் குடிமக்கள் கழகம்' என்பது விரிவு. அதன் ஆரம்ப விதிகளைப் பார்த்தால் இன்றைய வாசகர் அதிர்ந்துபோவார். அமெரிக்கக் குடிமக்கள் மட்டுமே உறுப்பினராகலாம். சங்கத்தின் அலுவல் மொழி ஆங்கிலம்! நாங்கள் விசுவாசமான அமெரிக்கர்கள் என்று நிரூபித்தால் உரிமை தானாக வரும் என்பது அவர்கள் கணக்கு. 1957இல் இதன் தலைவர்களில் ஒருவர், பள்ளியில் சேரும் முன்பே பிள்ளைகளுக்கு 400 ஆங்கிலச் சொற்களைச் சொல்லிக்கொடுக்கும் சிறு பள்ளிகளைத் தொடங்கினார். இதைக் கூழைக்கும்பிடு என்று பின்னால் வந்த இளைஞர்கள் கேலி செய்தார்கள். எனக்கு அந்தக் கேலி நியாயமாகப் படவில்லை. ஆங்கிலம் தெரியாத ஒரே காரணத்துக்காகப் பிள்ளைகளை ஒன்றாம் வகுப்பிலேயே திரும்பத் திரும்ப உட்கார வைத்த காலத்தில், கைக்கு எட்டிய வழி அது.

இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்காக 1948இல் மருத்துவர் எக்டர் கார்சியா அமெரிக்கன் ஜி.ஐ. ஃபோரம் என்ற அமைப்பைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அது நாடறிந்தது. பிலிப்பைன்ஸில் போரில் இறந்த ஃபெலிக்ஸ் லொங்கோரியாவின் உடல் சொந்த ஊரான டெக்சஸின் த்ரீ ரிவர்ஸுக்கு வரவிருந்தது. ஊர் அடக்க நிலையத்தின் கூடத்தில் அஞ்சலிக்கு வைக்க இடம் தர மறுத்தார்கள். வெள்ளையர்களுக்குப் பிடிக்காது என்பது காரணம். கார்சியா தந்தி அனுப்ப, அப்போது செனட்டராக இருந்த லிண்டன் ஜான்சன் தலையிட்டு, ஆர்லிங்டன் ராணுவ மயானத்தில் அரசு மரியாதையோடு அடக்கம் நடக்க ஏற்பாடு செய்தார்.

பண்ணைத் தொழிலாளர் போராட்டம் இவற்றில் உலகப் புகழ் பெற்றது. 1935 தொழிலாளர் சட்டம் தொழிற்சாலை ஆட்களுக்குச் சங்க உரிமை தந்தபோது விவசாயக் கூலிகளை விட்டுவிட்டது. இந்த நிலையில்தான் கலிபோர்னியாவின் டெலானோவில் 1965 செப்டம்பர் 8 அன்று திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தம் வெடித்தது. தொடங்கியவர்கள் லாரி இட்லியோங் தலைமையிலான ஃபிலிப்பினோ தொழிலாளர்கள். இது பலருக்குத் தெரியாது. எட்டு நாள் கழித்து, மெக்சிகோவின் சுதந்திர தினத்தன்று, சீசர் சாவேஸும் டொலோரெஸ் உவெர்த்தாவும் நடத்திய சங்கம் கூடச் சேர்ந்தது. தோட்டத்தில் மட்டும் நின்றிருந்தால் தோற்றிருப்பார்கள். கடையில் திராட்சை வாங்காதீர்கள் என்று நாடு முழுக்கக் கேட்டார்கள். 1970இல் முதலாளிகள் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ஆவணமின்றி வந்த கூலிகளை முதலாளிகள் கருங்காலிகளாக இறக்குகிறார்கள் என்று இதே சங்கம் எழுபதுகளில் அவர்களை எதிர்த்ததும் உண்டு. லத்தீனோ என்றாலே குடியேறிகளின் பக்கம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1968இல் டெக்சஸில் பிறந்த மால்டெஃப் என்ற சட்ட அமைப்பு வழக்காடுவதையே வேலையாக வைத்துக்கொண்டது. டெக்சஸின் டைலர் ஊர்ப் பள்ளிகள், ஆவணமில்லாத பிள்ளைகளிடம் ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டன. அந்த வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில், எந்தப் பிள்ளைக்கும் பொதுப் பள்ளிக் கல்வியை மறுக்க முடியாது என்றது. நியூயார்க்கில் புவேர்ட்டோ ரிக்க மாணவர்களுக்காக அந்தோனியா பந்தோகா 1961இல் தொடங்கிய ஆஸ்பிரா, இன்று யூனிடோஸ் யு.எஸ். என்று அழைக்கப்படும் பெரிய அமைப்பு, மயாமியின் கியூப அமைப்புகள் என்று பட்டியல் நீளும். கண்ணுக்குப் படாத இன்னொரு வகை, ஊர்ச் சங்கங்கள். மெக்சிகோவின் சகாதெகாஸ் மாநிலத்தவர்கள் சிகாகோவிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் பணம் திரட்டிச் சொந்த ஊருக்குச் சாலையும் குடிநீரும் செய்துகொடுத்தார்கள். இவர்கள் ஒரு டாலர் போட்டால் உள்ளாட்சி, மாநிலம், நடுவண் அரசு ஆளுக்கு ஒரு டாலர் போடும் திட்டத்தை மெக்சிகோ 2002இல் நாடு முழுக்கக் கொண்டுவந்தது.

## ஸ்பானிஷ் வளர்கிறதா, தேய்கிறதா?

இரண்டும் நடக்கிறது. குழப்பமே இங்கேதான்.

அமெரிக்காவில் 4 கோடிக்கு மேற்பட்டோர் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறார்கள். எந்தக் கம்பெனிக்கு போன் செய்தாலும் ஸ்பானிஷுக்கு இரண்டை அழுத்தச் சொல்கிறது. இதைப் பார்ப்பவர்கள், இந்த மக்கள் ஆங்கிலம் கற்க மறுக்கிறார்கள் என்று முடிவுகட்டுகிறார்கள். ஒரே குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து பார்த்தால் படம் வேறு. வந்தவர் ஸ்பானிஷ் பேசுகிறார். மகள் இரண்டும் பேசுகிறாள். பேரன் பெரும்பாலும் ஆங்கிலம்தான். பியூ மையத்தின் ஆய்வில், மூன்றாம் தலைமுறையினரிலும் அதற்குப் பிந்தியவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே ஸ்பானிஷில் நன்றாக உரையாட முடியும் என்கிறார்கள். மொத்த எண்ணிக்கை குறையாமல் இருந்ததற்குக் காரணம், புதிதாக வந்துகொண்டே இருந்தவர்கள். வீட்டுக்குள் தேய்கிற மொழி தெருவில் வளர்வது போலத் தெரிவது இதனால்தான்.

தேய்வு தானாகவும் நடக்கவில்லை. 1918இல் டெக்சஸ், பொதுப் பள்ளிகளில் ஆங்கிலம் அல்லாத மொழியில் பாடம் நடத்துவதைக் குற்றமாக்கியது. விளையாட்டுத் திடலில் ஸ்பானிஷ் பேசினால்கூட அடி. மார்ஃபா என்ற சிற்றூரில் மெக்சிக்கப் பிள்ளைகளுக்கென்று தனியாக வைத்திருந்த பிளாக்வெல் பள்ளியில் 1954இல் ஒரு கூத்து நடந்தது. பிள்ளைகளைத் துண்டுச் சீட்டில் எழுத வைத்து, அதைப் பெட்டியில் போட்டு, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டி, 'மிஸ்டர் ஸ்பானிஷ்' இறந்துவிட்டார் என்று அடக்கம் செய்தார்கள். அந்தப் பள்ளியை 2022இல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கச் சட்டம் வந்தது. அப்படி அடிபட்டு வளர்ந்தவர்கள், தங்களுக்கு நேர்ந்தது பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று வீட்டில் ஆங்கிலமே பேசினார்கள். அந்தப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இப்போது ஸ்பானிஷ் தெரியவில்லை என்று சொந்தக்காரர்களிடமே கேலிக்கு ஆளாகிறார்கள்.

இதே காலத்தில் மயாமியில் நடந்ததைப் பாருங்கள். 1963இல் கோரல் வே தொடக்கப்பள்ளியில் பாதி நாள் ஆங்கிலம், பாதி நாள் ஸ்பானிஷ் என்று அரசே இருமொழிக் கல்வியைத் தொடங்கியது. சீக்கிரம் கியூபாவுக்குத் திரும்பிவிடுவோம், பிள்ளைகள் தாய்மொழியை மறக்கக் கூடாது என்று பெற்றோர் நினைத்தார்கள். மொழி ஒன்றுதான். கூலிக்காரன் பேசினால் குற்றம், பனிப்போரில் நம் பக்கம் நிற்கும் டாக்டரும் வக்கீலும் பேசினால் கல்வித் திட்டம். கலிபோர்னியாவும் இந்த ஊசலில் ஆடியது: 1998இல் வாக்கெடுப்பு நடத்தி இருமொழிக் கல்வியைச் சுருக்கியது, 2016இல் இன்னொரு வாக்கெடுப்பில் அதைத் திரும்பக் கொண்டுவந்தது.

சட்டத்தில் ஸ்பானிஷின் இடம் என்ன? நடுவண் அளவில் ஆங்கிலத்துக்கே 2025வரை அதிகாரப்பூர்வ நிலை இருந்ததில்லை. 2025 மார்ச்சில் அதிபர் டிரம்ப் ஓர் ஆணையால் ஆங்கிலத்தை ஆட்சிமொழி என்று அறிவித்தார். ஆணை என்பது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஆகாது. பிற மொழிச் சேவைகளை நிறுத்தியே ஆக வேண்டும் என்றும் அது சொல்லவில்லை. மறுபுறம், 1975இல் திருத்தப்பட்ட வாக்குரிமைச் சட்டம் முழுமையான சட்டம். ஒரு மாவட்டத்தில் ஆங்கிலம் போதிய அளவு தெரியாத, ஒரே சிறுபான்மை மொழி பேசும் வாக்காளர் வயதுக் குடிமக்கள் 10,000 பேருக்கு மேலோ 5 சதவீதத்துக்கு மேலோ இருந்து, அவர்களின் எழுத்தறிவும் பின்தங்கியிருந்தால், வாக்குச்சீட்டை அந்த மொழியிலும் தர வேண்டும். ஸ்பானிஷ் வாக்குச்சீட்டு யாரோ காட்டிய சலுகை என்று பேசுகிறவர்கள் இதைப் படிப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லத்தீனோக்கள் எல்லாருக்கும் ஸ்பானிஷாவது தாய்மொழியா என்றால் அதுவும் இல்லை. கலிபோர்னியாவின் ஸ்ட்ராபெரி வயல்களில் மிஷ்தெக்கோ, சபோதெக்கோ பேசும் மெக்சிக்கப் பழங்குடியினர் வேலை செய்கிறார்கள். குவாத்தமாலாவின் மலைகளிலிருந்து வந்தவர்கள் மாம், கிச்சே போன்ற மாயா மொழிகள் பேசுகிறார்கள். குடியேற்ற நீதிமன்றத்தில் இவர்களுக்கு ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளரை நிறுத்தினால் பாதி விஷயம் போய்ச் சேராது. வாழ்க்கையையே தீர்மானிக்கும் விசாரணையில் இது விளையாட்டுக் காரியமில்லை.

## சரி, அந்த 'லத்தீனோ ஓட்டு'?

மயாமியின் கியூபர்கள் பல பத்தாண்டுகளாகக் குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்தவர்கள். நியூயார்க்கின் புவேர்ட்டோ ரிக்கர்கள் ஜனநாயகக் கட்சிப் பக்கம். டெக்சஸ் எல்லையிலுள்ள ஸ்டார் மாவட்டத்தில் சுமார் 97 சதவீதம் பேர் லத்தீனோக்கள். 1892க்குப் பிறகு அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியை ஆதரிக்காத அந்த மாவட்டம் 2024இல் டிரம்புக்கு வாக்களித்தது. குடியேற்றத்தில் கறாராக இருப்பவருக்கு லத்தீனோக்கள் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்று பலர் வியந்தார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்து, எல்லைக் காவல் படையிலும் எண்ணெய் வயலிலும் வேலை பார்த்து, விலைவாசியைப் பற்றிக் கவலைப்படும் குடும்பங்கள் அங்கே ஏராளம். படிவத்தில் ஒரே கட்டத்தில் டிக் அடித்தவர்கள் வாக்குச்சீட்டிலும் ஒரே பெயரில் டிக் அடிப்பார்கள் என்று நினைத்தவர்களுக்குத்தான் அது அதிர்ச்சி.

## 2030 படிவத்துக்குத் திட்டமிட்ட மாற்றம்

2024 மார்ச்சில் அமெரிக்க அரசு புதிய தர விதிகளை வெளியிட்டது. இனம் தனி, லத்தீனோ தனி என்ற இரண்டு கேள்விகளும் ஒன்றாகின்றன. வெள்ளையர், கறுப்பர், ஆசியர் போன்றவற்றுக்குப் பக்கத்திலேயே 'ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ' என்பதும் ஒரு தெரிவாக நிற்கும். விரும்பும் அளவுக்குக் குறிக்கலாம். மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்க மக்களுக்கும் புதிதாக ஓர் இடம் வருகிறது. 2030 கணக்கெடுப்புக்காகத் திட்டமிட்டது இது.

'வேறு இனம்' என்று குறித்துவிட்டு நகர்ந்தவர்களில் பலருக்கு இது நிம்மதி. ஆனால் கறுப்பின லத்தீனோக்களின் குழுக்கள் சில இதை எதிர்த்தன. அவர்கள் வாதம் இது: நியூயார்க்கில் வாழும் ஒரு கறுப்பின டொமினிகர் இதுவரை லத்தீனோ என்று ஒரு கேள்விக்கும், கறுப்பர் என்று இன்னொன்றுக்கும் தனித்தனியே பதில் சொன்னார். இனி ஒரே பட்டியலைப் பார்த்ததும் லத்தீனோ என்பதில் டிக் அடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டால், போலீஸ் சோதனையிலோ வீட்டுக் கடனிலோ அவர் சந்திக்கும் நிறப் பாகுபாட்டை நிரூபிக்க எண்ணிக்கை இருக்காது. எர்னாண்டஸ் வழக்கில் மெக்சிகர்கள் வெள்ளையர் கணக்கில் கரைந்தது போல, இவர்கள் லத்தீனோ கணக்கில் கரைந்துவிடுவார்கள். ஒன்றுக்கு மேல் குறிக்கலாம் என்ற வரியைப் படிவத்தில் எவ்வளவு பெரிய எழுத்தில் அச்சடிப்பது, பக்கத்தில் என்னென்ன உதாரண நாடுகளைப் போடுவது என்பதெல்லாம் அதனால்தான் அங்கே சூடான விவாதம்.